தண்ணீர் பட்ட மரத்தளத்தைத் தப்பாகப் பழுதுபார்த்துவிட்டார்கள்: இனி என்ன செய்வது?

கேள்வியின் சுருக்கம் இது. பாத்திரம் கழுவும் மெஷினின் குழாய் கசிந்து கூடத்து மரத்தளம் ஊறிவிட்டது. இன்சூரன்ஸ் நிறுவனம் அனுப்பிய காண்ட்ராக்டர் ஒரு வாரம் ஃபேன் போட்டுக் காயவைத்தார், கறுத்துப்போன சில பலகைகளை மாற்றினார், முழுவதையும் மெஷினால் தேய்த்து வார்னிஷ் அடித்துக் கொடுத்தார். அன்றைக்குப் பளபளவென்றுதான் இருந்தது. நாலு மாதம் கழித்துப் பார்த்தால் பலகைகள் நடுவில் புடைத்து நிற்கின்றன. அங்கங்கே இடைவெளி. ஓரிடத்தில் தட்டினால் பொள்ளல் சத்தம். வார்னிஷுக்கு அடியில் கருந்திட்டு. கேட்டால், “மரம்னா அப்படித்தான் சார். வேணும்னா இன்னொரு தடவை தேய்ச்சுத் தர்றேன்” என்கிறார். ஒத்துக்கொள்ளலாமா, முழுத் தளத்தையும் மாற்றச் சொல்லலாமா?

இப்போதைக்குத் தேய்ப்பு மெஷினை உள்ளே விடாதீர்கள். வீம்புக்காக இதைச் சொல்லவில்லை. நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால், தளம் காயும் முன்பே தேய்த்ததுதான் கோளாறின் மூலம் என்று தோன்றுகிறது. அடியில் ஈரம் இருக்கிறதா போய்விட்டதா என்று அளக்காமல் மறுபடி தேய்த்தால் அதே கதைதான் திரும்பவும் நடக்கும், தேய்க்க மிச்சமிருக்கும் மரம்தான் குறையும். இன்னொன்றும் உண்டு. தப்பு எங்கே நடந்தது என்பதற்கான சாட்சி அந்தப் பலகைகளின் வடிவத்தில்தான் இருக்கிறது. மறுபடி தேய்த்தால் அது தூசிப் பையோடு வெளியே போய்விடும்.

மரம் எவ்வளவுதான் பதப்படுத்தியதாக இருந்தாலும் காற்றிலுள்ள ஈரத்தோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொண்டே இருக்கும். அறைக் காற்றின் ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் மரத்துக்குள் ஈரம் சுமார் 9 சதவீதத்தில் வந்து நிற்கும். காற்று 80 சதவீதம் போனால் மரம் 16-ஐத் தொடும். இந்த ஏற்ற இறக்கத்தில் பலகை நீளவாக்கில் கிட்டத்தட்ட அசையவே அசையாது, அகலவாக்கில்தான் விரியும், சுருங்கும். 100 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு ஓக் பலகையில் ஈரம் 4 சதவீதப் புள்ளி ஏறினால், வெட்டிய வாக்கைப் பொறுத்து அது ஒன்றரை மில்லிமீட்டர் வரை அகலும். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். ஆனால் நாலு மீட்டர் அகல அறையில் அப்படிப் பலகைகள் 40 இருக்கும். எல்லாம் சேர்ந்து விரிய நினைக்கும் தூரம் 6 சென்டிமீட்டர். சுவரோரம் விட்டிருப்பதோ 10 முதல் 15 மில்லிமீட்டர் இடைவெளி. மிச்ச விரிவு எங்கே போகும்? பலகைகள் ஒன்றையொன்று நசுக்கும், இல்லையென்றால் தரையை விட்டே எழும்பும்.

கசிவில் இன்னொரு விஷயமும் சேர்கிறது. தண்ணீர் மேலே தேங்குவது கொஞ்ச நேரம்தான். இடுக்குகள் வழியாக இறங்கி அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். மேல்பக்கத்தில் வார்னிஷ் இருக்கிறது, காற்றும் படுகிறது, அது காய்ந்துவிடும். அடிப்பக்கம் காயாது. ஒரு பக்கம் மட்டும் ஈரம் பட்ட அட்டை வளைவதுபோல், அடி விரிந்து மேல் விரியாமல் பலகையின் இரண்டு ஓரமும் தூக்கிக்கொள்ளும், நடுவில் குழி விழும். நீர் பட்ட தளத்தில் முதலில் தெரிவது இந்தக் குழிவுதான். இது தானாகவே ஓரளவு சரியாகக்கூடிய நிலை. அடியும் மேலும் ஒரே ஈர அளவுக்கு வந்தால் பல பலகைகள் பழைய மட்டத்துக்குத் திரும்பிவிடும். வாரக்கணக்காகும், சமயத்தில் மாதக்கணக்கும் ஆகும்.

அந்தப் பொறுமை இல்லாமல், தூக்கிய ஓரங்களைத் தேய்த்து மட்டம் பண்ணிவிட்டால் அன்றைக்குக் கூடம் அழகாகத்தான் இருக்கும். பிறகு அடி காயக் காய ஓரங்கள் கீழே இறங்கும். ஏற்கெனவே தேய்த்து மெலிந்த ஓரங்கள் அல்லவா, பழைய மட்டத்துக்கும் கீழே போய்விடும். தேய்படாத நடுப்பகுதி மேடாக நிற்கும். நீங்கள் பார்க்கும் புடைப்பு இதுதான் என்பது என் கணிப்பு.

கணிப்பை நிரூபணமாக்கவும் ஒரு வழி இருக்கிறது. சுவரோரமாகவோ வாசற்படிப் பட்டிக்கு அடியிலோ ஒரு பலகையைப் பத்திரமாக எடுக்க முடியுமா பாருங்கள். நனைந்த பகுதியில் இருப்பதாக அது இருக்க வேண்டும். வெர்னியர் காலிப்பரால் அதன் தடிமனை இரண்டு ஓரங்களிலும் நடுவிலும் அளந்து பாருங்கள். பல பலகைகளில் அடிப்பக்கம் நீளக் காடிகள் வெட்டியிருப்பார்கள், அவற்றில் வைக்காமல் மேட்டில் வைத்து அளக்க வேண்டும். நடுவில் 19.2, ஓரத்தில் 18.5 என்று வந்தால் விஷயம் முடிந்தது. தொழிற்சாலையிலிருந்து அப்படிப் பலகை வராது. ஓரம் தூக்கியிருந்தபோது தேய்த்திருந்தால்தான் அந்த வித்தியாசம் வரும். “நீங்க ஈரத்துணி போட்டுத் துடைச்சீங்க, அதான் மேல்பக்கம் உப்பிருச்சு” என்று அவர் சொல்லக்கூடும். மேலிருந்து ஈரம் உள்ளே இறங்கினாலும் நடு புடைக்கும், அது உண்மைதான். ஆனால் துடைப்பத் தண்ணீர் ஓரங்களை மட்டும் முக்கால் மில்லிமீட்டர் செதுக்காது. அலமாரிக்கு அடியிலும், சுவரடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் பலகைக்குப் பின்னாலும் மெஷின் எட்டாத விளிம்பு இருக்கும். அங்கே பழைய தடிமன் அப்படியே இருக்கும், அதையும் அளந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பலகைகளின் விளிம்பில் முன்பு மெல்லிய சரிவு வெட்டு இருந்து, இப்போது சில இடங்களில் காணாமல் போயிருந்தால் அதுவும் தேய்ப்பின் தடயம்தான்.

பழைய கட்டடமாக இருந்து பலகைக்கு அடியில் கறுப்புப் பசையோ பழைய வினைல் ஓடோ தென்பட்டால் அதைச் சுரண்டாதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு, முதலில் பரிசோதிக்க வேண்டும்.

அடுத்தது ஈரம். இந்த மாதிரி வழக்குகளில் வாதத்தை முடிப்பது எண்கள்தான். ஊசி வைத்த மாய்ஸ்சர் மீட்டர் ஒன்றை வாங்குங்கள், இல்லை வாடகைக்கு எடுங்கள். இரண்டு ஊசிகளுக்கு நடுவே மின்தடையை அளந்து ஈரத்தைச் சொல்லும் கருவி அது. மர வகையை அதில் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். நுனி மட்டும் வெறுமையாக இருந்து, மற்ற பாகம் காப்பிடப்பட்ட நீள ஊசிகள் கிடைத்தால் நல்லது. மேலே 3 மில்லிமீட்டர் ஆழத்தில் எவ்வளவு, அடியில் 15 மில்லிமீட்டரில் எவ்வளவு என்று தனித்தனியாகத் தெரிந்துகொள்ளலாம். ஊசி இல்லாமல் மேலே வைத்தாலே காட்டும் கருவியும் உண்டு. எங்கே ஈரம் இருக்கிறது என்று துழாவ அது வசதி. ஆனால் ஆணி, குழாய், ஈரமான காங்கிரீட் எல்லாம் அதன் கணக்கைக் கெடுக்கும். அது காட்டும் எண்ணை மட்டும் நம்பிக் கடிதம் எழுத வேண்டாம்.

நனைந்த இடத்தில் மட்டும் அளந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. தண்ணீர் படாத இன்னொரு அறையில் இதே தளம் இருந்தால் அங்கேயும் அளக்க வேண்டும். இங்கே 13, அங்கே 9 என்றால் தளம் இன்னும் காயவில்லை என்று பொருள். இரண்டும் 13 என்றால் பிரச்சினை வீட்டுக் காற்றில் இருக்கிறது, காண்ட்ராக்டர் மேல் பாய முடியாது. அதேபோல் பலகைக்கும் அதன் அடித்தளப் பிளைவுட்டுக்கும் உள்ள வித்தியாசம். அகலம் குறைந்த பலகை என்றால் 4 சதவீதப் புள்ளிக்குள், 75 மில்லிமீட்டருக்கு மேல் அகலமான பலகை என்றால் 2 புள்ளிக்குள் இருக்க வேண்டும் என்பது தொழிலில் பரவலாக ஏற்கப்பட்ட அளவு. அடித்தளம் காங்கிரீட் என்றால் ஊசி மீட்டர் காட்டும் சதவீதம் செல்லாது. தளத்தில் துளையிட்டு, உள்ளே ஈரப்பத உணரியை வைத்து மூடி, குறைந்தது ஒரு நாள் விட்டுப் படிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் காயும் தளத்தில் துளையின் ஆழம் மொத்தத் தடிமனில் 40 சதவீதம். மரத்தளம் ஒட்ட, துளைக்குள் ஈரப்பதம் 75 சதவீதத்துக்கு மேல் இருந்தால் யோசிக்க வேண்டும். கடைசியில் நீங்கள் வாங்கிய பசையின் டப்பாவில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் எல்லை. காங்கிரீட் அவசரத்துக்குக் காயாது. மெல்லிய பூச்சுத் தளமே நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற கணக்கில்தான் காயும், தடிமன் கூடினால் அதைவிட மெதுவாக. ஒரு வாரம் ஃபேன் போட்டால் மேல்பரப்பு காயும், அவ்வளவுதான்.

மீட்டரையே அவர் ஏற்க மறுத்தால் மறுக்க முடியாத ஒரு சோதனை இருக்கிறது. எடுத்த பலகையிலிருந்து ஒரு துண்டை வெட்டி, வெட்டிய உடனே எடை போடுங்கள். உடனே எடை போட முடியாவிட்டால் காற்றுப் புகாத பையில் மூடி வையுங்கள். பிறகு 103 டிகிரி செல்சியஸில் ஓவனில் வைத்து, எடை மேலும் குறையாமல் நிற்கும் வரை காயவிட்டு மறுபடி எடை போடுங்கள். 58 கிராம் 50 ஆனால் போன தண்ணீர் 8 கிராம். 8-ஐ 50-ஆல் வகுத்தால் 16 சதவீதம். மீட்டர்களைச் சரிபார்ப்பதே இந்த முறையை வைத்துத்தான்.

ஈரம் இருப்பது உறுதியானால் அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். முதல் கசிவின் மிச்சமா, இல்லை குழாய் இன்னும் கசிகிறதா? இரண்டாவது வகையை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். தளம் போடுகிறவருக்குக் குழாய் தெரியாது, குழாய்க்காரருக்குத் தளம் தெரியாது. இரண்டு பேருமே வேலை முடிந்தது என்று போய்விடுவார்கள். அழுத்தச் சோதனை செய்து கசிவு இல்லை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அடியில் பாலிதீன் விரிப்போ, பழைய லினோலியமோ, வெப்பக்காப்புப் பஞ்சோ இருந்தால் தண்ணீர் அதற்குள் மாட்டிக்கொண்டிருக்கும். நனைந்த பஞ்சை அங்கேயே விட்டு மேலே காயவைத்துப் பயனில்லை, எடுத்துத்தான் ஆக வேண்டும்.

இனி மற்ற அறிகுறிகள். எல்லாவற்றையும் ஒரே குற்றப்பட்டியலில் சேர்க்காதீர்கள், சிலது தப்பே இல்லாமலும் இருக்கலாம்.

பொள்ளல் சத்தத்தை எடுத்துக்கொள்வோம். மரச்சட்டங்களின் மேல் ஆணியடித்த தளம் எப்போதுமே கொஞ்சம் பொள்ளலாகத்தான் ஒலிக்கும், அது புகாரே இல்லை. காங்கிரீட்டில் பசை போட்டு ஒட்டிய தளத்தில் ஓரிடம் மட்டும் பொள்ளென்று கேட்டால் அங்கே பசை விட்டிருக்கிறது, இல்லை முதலிலேயே பிடிக்கவில்லை. மிதித்தால் அசைகிறதா என்று பாருங்கள். அசையாமல் சத்தம் மட்டும் என்றால் கண்காணித்தால் போதும். அசைந்தால் சிறு துளை போட்டுப் பசை ஏற்றலாம், ஆனால் அடி காய்ந்திருக்க வேண்டும். ஈரக் காங்கிரீட்டில் ஏற்றினால் அந்தப் பசையும் விட்டுவிடும். இடம் ஒரு சதுர அடியைத் தாண்டினால் எனக்கு ஊசிப் பசையில் நம்பிக்கை இல்லை, பலகையை எடுத்து ஒட்டுவதுதான் வேலை.

இடைவெளி வேறு விஷயம். தண்ணீரில் ஊறியபோது பலகைகள் விரிய இடமில்லாமல் ஒன்றையொன்று அழுத்தின அல்லவா, அப்போது விளிம்பிலுள்ள மர நார்கள் நசுங்கிவிடும். நசுங்கியது திரும்ப எழாது. காய்ந்ததும் பலகை பழைய அகலத்தைவிடக் குறுகலாக நிற்கும். இந்த இடைவெளி எந்தக் காண்ட்ராக்டர் வந்திருந்தாலும் வந்திருக்கலாம். அவர் செய்த தப்பு, ஈரத்தோடு தேய்த்து, இடுக்குகளில் பட்டி பார்த்து மறைத்தது. பருவம் மாறி மரம் விரியும்போது அந்தப் பட்டி பிதுங்கி வெளியே வரும், சுருங்கும்போது உதிரும். இன்னொரு வகையும் உண்டு. ஏழெட்டுப் பலகைகள் நெருக்கமாக இருக்க, அடுத்து ஒரே ஒரு பெரிய வெடிப்பு, மறுபடி ஏழெட்டு நெருக்கம். வார்னிஷ் இடுக்குகளில் இறங்கிப் பலகைகளை ஒட்டிவிட்டது என்பதன் அடையாளம் அது. எல்லாம் ஒரே துண்டாகச் சுருங்கி, பிடி குறைந்த ஓரிடத்தில் விட்டுக்கொடுக்கிறது.

கருந்திட்டில் இரண்டு சாதி உண்டு. ஓக், வால்நட் மாதிரி துவர்ப்புச்சத்து அதிகமுள்ள மரத்தில் இரும்பும் ஈரமும் சேர்ந்தால் நீலக்கறுப்பாகக் கறை பிடிக்கும். ஆணியைச் சுற்றி வட்டமாக இருந்தால் பெரும்பாலும் இதுதான். ஆக்சாலிக் அமிலக் கரைசல் இதை எடுக்கும் (நஞ்சு, கையுறையும் முகமூடியும் இல்லாமல் தொடக் கூடாது). இன்னொன்று பூஞ்சை. ஈரம் நின்றால் ஒன்றிரண்டு நாளிலேயே முளைக்கத் தொடங்கும். ப்ளீச்சிங் திரவம் ஒரு சொட்டு வைத்தால் பூஞ்சைக் கறை வெளுக்கும், இரும்புக் கறை அசையாது. ஆனால் வார்னிஷுக்கு மேலே விட்டால் இரண்டுமே தெரியாது, வெறும் மரத்தில் சோதிக்க வேண்டும். ப்ளீச்சையும் அமிலத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒருபோதும் ஊற்றாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். கறையைவிட முக்கியம் மரத்தின் உறுதி. கூரான குத்தூசியால் அழுத்துங்கள். நல்ல மரம் எதிர்க்கும், நெம்பினால் நீளச் சிராயாகப் பிளக்கும். மக்கிய மரத்தில் ஊசி சுலபமாக இறங்கும், நெம்பினால் பொடிப்பொடியாக உடையும். மரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மக்க வைக்கும் பூஞ்சை வேலை செய்யாது. ஆகவே மக்கல் இருந்தால் அங்கே நீண்ட நாள் ஈரம் நின்றிருக்கிறது என்று நிச்சயமாகச் சொல்லலாம். அடிச்சட்டங்களின் முனைகள் சுவருக்குள் போகும் இடத்தைத் தவறாமல் குத்திப் பாருங்கள். பலகை போனால் பலகைதான், சட்டம் போனால் கூடமே இறங்கும்.

ஒப்படைத்த அன்று எடுத்த படங்கள் உங்களிடம் இருந்தால் தேடி எடுங்கள். அன்றைக்கு இல்லாத திட்டு இன்றைக்கு வார்னிஷுக்கு அடியில் இருக்கிறது என்றால், வார்னிஷ் அடிக்கும்போதே கீழே ஈரம் இருந்தது, இல்லை அதன் பிறகு வந்தது. குழாய் இப்போது கசியவில்லை, புது ஈரம் வரவில்லை என்று உறுதியானால் “காய்ந்த பிறகுதான் அடித்தேன்” என்ற பேச்சு நிற்காது.

காண்ட்ராக்டர் சொல்வதில் ஒன்று சரியாகவும் இருக்கலாம். “ஒரு பருவம் போகட்டும், பார்ப்போம்” என்று சொன்னால் அதை உடனே தட்டிக்கழிப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அளக்கும்போது எண் இறங்கிக்கொண்டே இருந்தால் காத்திருப்பதுதான் நல்ல வேலைக்காரன் சொல்லும் யோசனை. எண்ணே எடுக்காமல் காத்திரு என்றால்தான் அது சாக்கு. காத்திருக்கச் சம்மதிக்கும்போது, “இதனால் என் உரிமை எதையும் விட்டுக்கொடுக்கவில்லை, இந்தத் தேதியில் மறுபடி அளப்போம்” என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிடுங்கள். புகார் கொடுக்கக் காலக்கெடு எல்லா நாட்டிலும் இருக்கிறது, எவ்வளவு என்பதுதான் மாறும்.

இப்போது காகித வேலை. முதலில் கேட்க வேண்டியது காயவைத்த நாட்களின் பதிவேடு. எந்தத் தேதி, எந்த இடம், மரத்தில் எவ்வளவு, அடித்தளத்தில் எவ்வளவு, காற்றில் எவ்வளவு என்று ஒழுங்காக வேலை செய்கிறவர்கள் எழுதி வைப்பார்கள். தேய்க்கத் தொடங்கிய அன்று என்ன எண் இருந்தது என்பதே உங்கள் ஒரே கேள்வி. பதிவேடு இருந்தால் பதில் அதில் இருக்கும். இல்லையென்றால், அளக்காமலே தேய்த்தார் என்பதைத் தவிர அவர் வேறு எதையும் காட்ட முடியாது. பத்து பக்கக் குற்றச்சாட்டைவிட இந்த ஒரு கேள்விக்கு வலு அதிகம்.

படம் எடுக்கும்போது மேலிருந்து எடுத்தால் ஒன்றும் தெரியாது. இரவில் விளக்கை அணைத்து, டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடித்தால் ஒவ்வொரு புடைப்பும் நிழல் விழுந்து தெரியும். நீள மட்டப்பலகையைப் பலகைகளுக்குக் குறுக்கே வைத்து, அடியில் தெரியும் இடைவெளியை ஃபீலர் கேஜால் (தடிமன் குறித்த மெல்லிய தகடுகளின் கொத்து) அளந்து, அளவு தெரிகிற மாதிரி ஒரு படம். ரசமட்டம் இதற்குப் போதாது, அது சரிவைத்தான் காட்டும். கூடத்தின் படத்தைக் கட்டம் போட்டு வரைந்து, அளந்த இடங்களுக்கு எண் கொடுத்து, ஒவ்வொரு தடவையும் அதே இடங்களிலேயே அளக்கவும். கூடவே அன்றைய அறை வெப்பமும் காற்றின் ஈரப்பதமும்.

கடிதம் எழுதும்போது கோபம் வேண்டாம். “தேதி இன்னதில் தேய்ப்பும் வார்னிஷும் முடிந்தன. இன்று 1 முதல் 12 வரையுள்ள இடங்களில் பலகையின் நடு, ஓரத்தைவிட இவ்வளவு உயர்ந்திருக்கிறது. மரத்தின் ஈரம் இவ்வளவு, தண்ணீர் படாத அறையில் இவ்வளவு. எடுத்த பலகையின் தடிமன் நடுவில் இவ்வளவு, ஓரத்தில் இவ்வளவு. தேய்க்கும் முன் எடுத்த ஈர அளவுகளை அனுப்பவும். காரணத்தையும் சரிசெய்யும் முறையையும் எழுத்தில் இந்தத் தேதிக்குள் தெரிவிக்கவும். அதற்கு முன் தளத்தில் எந்த வேலையும் தொடங்க வேண்டாம்.” இவ்வளவு போதும். அவரை வீட்டுக்குள் விடமாட்டேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். வந்து பார்க்கவும், சரியான முறையில் திருத்தவும் வாய்ப்புக் கொடுத்தீர்களா என்பதை எந்த மத்தியஸ்தரும் முதலில் கேட்பார். பார்க்க வரட்டும், அளக்கட்டும், மெஷினை மட்டும் இறக்க வேண்டாம்.

கடிதம் யாருக்குப் போக வேண்டும் என்பதும் முக்கியம். ஆளை இன்சூரன்ஸ் நிறுவனமே நியமித்து, பணத்தையும் அதுவே நேராகக் கொடுத்திருந்தால், வேலையின் தரத்துக்குப் பொதுவாக அதற்கும் பொறுப்பு உண்டு. கடிதத்தின் முதல் பிரதி அங்கேதான் போக வேண்டும். காண்ட்ராக்டரோடு மட்டும் மாதக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தால் நிறுவனத்தின் பார்வையில் கோப்பு மூடியே இருக்கும். மாறாக, நஷ்ட ஈட்டைப் பணமாக வாங்கி நீங்களே ஆள் பிடித்திருந்தால் பேச்சு உங்களுக்கும் அவருக்கும்தான். பாலிசியையும் வேலை ஒப்பந்தத்தையும் ஒரு தடவை நிதானமாகப் படியுங்கள். வேலை திருப்தி என்று ஏதாவது தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். போட்டிருந்தாலும் மனம் தளர வேண்டாம், அன்றைக்குக் கண்ணுக்குத் தெரியாத குறைக்கு அந்தக் கையெழுத்து பெரும்பாலும் தடையாகாது. பாக்கிப் பணம் கையில் இருந்தால், சரிசெய்ய ஆகும் செலவுக்கு ஈடான தொகையை மட்டும் காரணம் எழுதி நிறுத்துங்கள். முழுவதையும் நிறுத்தினால் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் என்று ஆகலாம்.

வெளியாள் ஒருவரை வைத்துப் பரிசோதிக்க வேண்டுமென்றால், தளம் போட்டு விற்காதவராகப் பாருங்கள். போட்டி காண்ட்ராக்டரைக் கூப்பிட்டால் “எல்லாம் போச்சு, முழுசா மாத்தணும்” என்பார். அவர் கொடுப்பது விலைப்பட்டியல்தான், அறிக்கை ஆகாது. காரணம், ஆதாரம், திருத்தும் முறை மூன்றும் அறிக்கையில் தனித்தனியாக இருக்க வேண்டும். சட்டம் மக்கியிருக்கிறது, உடனே பிரிக்க வேண்டும் என்ற நிலை வந்தால் எதிர்த்தரப்புக்கு எழுதிச் சொல்லிவிட்டு, படம் எடுத்து, பிரித்த பலகைகளை எண் போட்டு எடுத்து வையுங்கள். ஒன்றையும் வெளியே போடாதீர்கள்.

சரி, ஒழுங்கான திருத்தம் எப்படி இருக்க வேண்டும்? வரிசை மாறக் கூடாது. கசிவை நிறுத்தி, அடியைத் திறந்து, நனைந்த பஞ்சையும் விரிப்பையும் எடுத்து, காற்றின் ஈரத்தை இழுக்கும் டீஹியூமிடிஃபையர் வைத்துக் காயவிட வேண்டும். ஹீட்டரைச் சுட்டெரிக்க விட்டால் மேல்பக்கம் வெடிக்கும். எண்கள் தண்ணீர் படாத அறையின் எண்ணை நெருங்கிய பிறகுதான் புதுப் பலகை. புதுப் பலகையும் அதே அறையில் கிடந்து அதே எண்ணுக்கு வந்திருக்க வேண்டும். “மூணு நாள் போட்டு வச்சேன்” என்பது அளவு ஆகாது, மீட்டர் சொல்ல வேண்டும். கெட்ட பகுதியைச் சதுரமாக வெட்டி ஒட்டுப்போட்டால் காலம் முழுக்கக் கண்ணை உறுத்தும். பழைய பலகைகளுக்கு நடுவே விரல் கோத்த மாதிரி முன்னும் பின்னுமாகச் சேர்க்க வேண்டும், பக்கத்துப் பக்கத்து வரிசையில் மூட்டுகள் ஒரே நேர்கோட்டில் வரக் கூடாது. சுவரோர இடைவெளியைப் பட்டியாலோ பசையாலோ அடைக்கக் கூடாது, அதை மூடத்தான் ஸ்கர்ட்டிங் இருக்கிறது. தேய்ப்பும் வார்னிஷும் சுவரிலிருந்து சுவர் வரை ஒரே மூச்சில் நடக்க வேண்டும். நடுவில் திட்டாக அடித்த வார்னிஷ் வெளிச்சம் பட்டால் காட்டிக்கொடுத்துவிடும். பழைய மரம் வெயில் கண்டு நிறம் மாறியிருக்கும் என்பதால், எவ்வளவு செய்தாலும் புதுப் பலகை சில காலம் தனியாகத்தான் தெரியும். இதற்கு அவரைக் குறை சொல்ல வேண்டாம்.

நீங்கள் கேட்ட கடைசிக் கேள்வி: கொஞ்சமா, முழுவதுமா? அது தளத்தின் வகையையும் மிச்சத் தடிமனையும் பொறுத்தது. முழு மரப் பலகை 18 முதல் 20 மில்லிமீட்டர் இருந்தாலும், பலகைகளைக் கோக்கும் நாக்குக்கு மேலே தேய்க்கக் கிடைப்பது ஏறக்குறைய 6 மில்லிமீட்டர்தான். ஒரு முழுத் தேய்ப்பில் ஒரு மில்லிமீட்டர் வரை போகும், புடைப்பை மட்டம் பண்ண அதைவிடக் கூடுதலாகவும் போகும். நாக்குக்கு மேல் 3 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கிவிட்டால் இடுக்கோரம் சிராய் சிராயாக உடையத் தொடங்கும். இடம் மிச்சமிருந்து, மரமும் காய்ந்திருந்து, மக்கலும் இல்லையென்றால், கெட்ட பலகைகளை மட்டும் மாற்றி முழுக் கூடத்தையும் ஒரே ஒரு தடவை தேய்ப்பது நியாயமான தீர்வு. அதற்கு மேல் கேட்டால் கிடைக்காது, கேட்கவும் வேண்டியதில்லை. ஆனால் உங்கள் தளத்தின் ஆயுளில் ஒன்றிரண்டு தேய்ப்புகள் இதில் போய்விட்டன, அதற்கு ஈடு கேளுங்கள். யாரும் நினைத்துப் பார்க்காத உருப்படி இது. பிளைவுட்டின் மேல் மெல்லிய மரத்தோல் ஒட்டிய எஞ்சினியர்டு பலகை என்றால் கதை வேறு. மேல்தோலே 2 முதல் 6 மில்லிமீட்டர்தான். மெல்லிய தோல் கொண்டதை ஏற்கெனவே ஒரு தடவை தேய்த்தாகிவிட்டது என்றால் இன்னொரு தேய்ப்பில் பிளைவுட் எட்டிப் பார்க்கும். அடுக்குகள் பிரிந்திருந்தால் எந்தப் பசையும் அதைப் பழையபடி ஆக்காது. அழுத்திய மரநார் அட்டையின் மேல் மரம் மாதிரித் தாள் ஒட்டிய லாமினேட் என்றால் யோசிக்கவே வேண்டாம். ஊதிய அட்டை இறங்காது, தேய்க்கவும் முடியாது, மாற்றித்தான் ஆக வேண்டும். இந்த இரண்டு வகையிலும் அதே மாதிரிப் பலகை இப்போது சந்தையில் கிடைக்கவில்லை என்றால், முழுக் கூடத்தையும் மாற்றச் சொல்ல உங்களுக்கு வலுவான காரணம் இருக்கிறது.

எது முடிவானாலும், வார்னிஷ் காய்ந்த அன்றே திருப்திக் கையெழுத்துப் போடாதீர்கள். கடைசி ஈர அளவுகளின் பட்டியலை வாங்கி, பணத்தில் ஒரு பங்கை ஒரு பருவம் கழியும் வரை நிறுத்திவைப்பதாக முன்கூட்டியே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். வேலை தொடங்கும் முன் பேசினால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், முடிந்த பிறகு பேசினால் அது இன்னொரு சண்டையாகிவிடும்.